கம்பெனியும் தோழமையும்



1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தோன்றியது முதல் நம் இல்லங்களில் தினமும் ஒலிக்கும் சொல் 'கம்பெனி'. ஆங்கிலேயர் காலத்தில் நம் முன்னோர் இதையே 'கும்பினி' என்றனர். தோழனைக் குறிக்கும் 'கம்பானியன்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதுவும் உடன்பிறப்புகள். இரண்டும் இலத்தீனில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தவை. 'கும்' என்றால் உடன். 'பானிஸ்' என்றால் அப்பம். ஆகவே, உடனிருந்து அப்பம் பகிர்ந்து உண்பவனே தோழன்.

ஆலையில் நம்மோடு உழைக்கும் வடமாநிலத்துச் சகோதரர் மதிய வேளையில் தனியே உண்டால், ஒரே கம்பெனியில் இருந்தும் நாம் தோழர்களல்லர். நாளை சாப்பாட்டுக் கேரியரைத் திறக்கும்போது அவரையும் அருகே அழையுங்கள். உங்கள் சோற்றை அவரும், அவர் ரொட்டியை நீங்களும் சுவையுங்கள். பலிபீடத்தில் ஒரே அப்பத்தைப் பகிரும் நமக்கு இது புதிதா?