பங்குனிச் சருகும் வீட்டு எருவும்



மாசி பாதி கழிந்ததும் ஜவ்வாது மலைக் காடுகள் இலையுதிர்க்கத் தொடங்கிவிடுகின்றன. பங்குனி முடிவதற்குள் ஜமுனாமரத்தூரிலும் அதைச் சுற்றியுள்ள மலைக்கிராமங்களிலும் வீட்டு முற்றம், மாட்டுத் தொழுவம், பாதையோரம், பட்டா நிலத்தின் வரப்பு என்று எங்கு நோக்கினும் சருகாய்க் கிடக்கும். அதே பருவத்தில்தான் புளி உலுக்கும் வேலையும் வந்து சேர்கிறது. திண்ணைதோறும் பெண்கள் அமர்ந்து, ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையை நீக்கிச் சதையைத் தனியே சேர்க்கும்போது, விலைபோகும் புளி ஒருபுறமும், அதுவும் ஓரளவு விலைபோகும் கொட்டை மற்றொரு புறமும் இருக்க, ஓடும் நாரும் மட்டும் கேட்பாரற்றுக் குவிகின்றன. இந்த ஓட்டையும் சருகையும் மாலையில் ஒன்றாகக் கூட்டித் தீயிட்டுவிடுவது எளிது, பலரும் செய்வது. ஆயினும் ஆண்டில் ஒரேயொரு முறை இயற்கை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து வீட்டு வாயிலில் இறக்கிவைக்கும் ஒரு செல்வத்தை, அதன் பிரயோஜனம் இன்னதென்று உணராமலே சாம்பலாக்குகிறோம் என்பதே இன்று நான் சொல்லவந்த செய்தி.

சமையலறைக் கழிவை எருவாக்கவேண்டும் என்று எல்லோரும் சொல்லுகிறார்கள். சிலர் உற்சாகத்தோடு தொடங்கியும் பார்க்கிறார்கள். ஒரு தொட்டியில் காய்த்தோலும் எஞ்சிய சோறும் போட்டு மூடிவைக்க, சில நாட்களில் அது நீர்கோத்து, நாற்றமெடுத்து, புழு நெளிய, இது நமக்கு ஒத்துவராது என்று கைவிட்டுவிடுகிறார்கள். அவர்களுடைய சிரத்தையில் குறையில்லை, தொட்டியிலும் குறையில்லை. ஈரமான கழிவுக்கு இணையாக உலர்ந்த பதார்த்தம் வேண்டும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான் குறை.

மட்கும் பொருளை உண்டு செரிக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்கு இருந்தால் கரிச்சத்து இருபத்தைந்து முதல் முப்பது பங்கு வரை வேண்டும் என்பது விஞ்ஞானிகள் கண்ட கணக்கு. காய்கறிக் கழிவில் அந்த விகிதம் பெரும்பாலும் இருபதுக்குள் அடங்கிவிடும். சருகிலோ ஐம்பதையும் தாண்டும். ஆகவே, ஒன்றை மட்டும் குவித்தால் அழுகும், மற்றொன்றை மட்டும் குவித்தால் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டையும் கிரமமாக அடுக்கினாலோ இரண்டும் மண்ணாகும். சமையலறைக் கழிவு நாள்தோறும் வருகிறது, சருகோ இந்த இரண்டு மாதம்தான் வருகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், பங்குனியில் சருகைச் சேமித்துவைக்கிற வீடே ஆண்டு முழுவதும் நாற்றமின்றி எரு செய்யக்கூடிய வீடு என்பது விளங்கும்.

இந்த மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பழைய குடும்ப வாழ்வை நோக்கினால், கழிவு என்று தனியாக ஒன்று பெரும்பாலும் இருந்ததில்லை. சாமைத் தாள் மாட்டுக்கு, தவிடும் மாட்டுக்கு, பலாப்பழத்தின் சடை ஆட்டுக்கு, அரிசி கழுவிய நீர் கழுநீர்ப் பானைக்கு, அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்கவும், அதன்பின் எருக்குழிக்கும். அந்தச் சம்பிரதாயத்தை நான் மிகுந்த மரியாதையோடு மதிக்கிறேன். எனினும், ஒரு கலையை மதிப்பிடப் புகுந்தவன் அதன் பலவீனத்தையும் சொல்லியாகவேண்டும். நம் எருக்குழிகள் பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றன. சித்திரை வெயிலில் சாணத்தின் தழைச்சத்து ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஆனி, ஆடி மழையில் மிஞ்சிய உப்புச்சத்தும் கரைந்து சரிவில் ஓடிவிடுகிறது. வீட்டுக்காரர் பாடுபட்டுச் சுமந்து வயலில் கொட்டுவது பல சமயங்களில் சாரம் போன சக்கையே.

இந்தக் குறையை நீக்கும் வழியை நம் தேசத்திலேயே இருவர் பரீட்சித்துக் கண்டிருக்கிறார்கள். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பயிராராய்ச்சிக் கழகத்தை நடத்திய ஆல்பர்ட் ஹோவர்ட், யஷ்வந்த் வாட் என்னும் இந்தியத் துணைவரோடு சேர்ந்து, தாவரக் கழிவு மூன்று பங்கும் விலங்கெரு ஒரு பங்குமாக அடுக்கி, உரிய இடைவெளியில் கிளறிவிட்டு, ஏறத்தாழ மூன்று மாதத்தில் எருவாக்கும் முறையை வகுத்தார். பின்னர் பெங்களூரில் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த சி. என். ஆச்சார்யா, குழியில் அடுக்கி மேலே சேறு பூசி மூடி, கிளறாமலே ஆறு முதல் எட்டு மாதம் விட்டுவைக்கும் முறையைக் கண்டார். முன்னது விரைவானது, தண்ணீரும் உழைப்பும் கேட்பது. பின்னது நிதானமானது, ஆனால் ஈரத்தைக் காத்துக்கொள்வது.

கோடையில் தண்ணீர் அருமையாகும் மலையூருக்கு இவ்விரண்டில் எது ஏற்றது? ஆச்சார்யாவின் மூடிய குழியே ஏற்றது என்று முதலில் தோன்றும். ஆனால் பங்குனியில் மூடிய குழி ஐப்பசி, கார்த்திகையில்தான் திறக்கும். ஆடியில் சாமை விதைப்பவருக்கு அது உதவாது. இங்கேதான் ஹோவர்டின் முறையிலுள்ள ஒரு நுட்பம் கைகொடுக்கிறது. அவர் கோமியம் ஊறிய படுக்கைத் தழையையும் தொழுவத்து மண்ணையும் எருக்குவியலில் விசேஷமாகச் சேர்த்தார். நாமும் சருகையும் புளியோட்டையும் நேரே குழியிலிடாமல், மாலையில் தொழுவத்தில் பரப்பி, இரவெல்லாம் மாடுகள் அதன்மேல் படுத்தெழவிட்டு, மறுநாள் வாரினால் எத்தனை காரியங்கள் ஒருசேர நடந்துவிடுகின்றன என்று பாருங்கள். குளம்பு மிதித்துச் சருகு நொறுங்குகிறது; வீணாக மண்ணில் இறங்கும் கோமியம் அதில் ஊறுகிறது; தழைச்சத்து சேருகிறது; குடத்துத் தண்ணீரும் மிச்சமாகிறது. மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு இதைவிட மேலான வழி எனக்குத் தெரியவில்லை. மாடில்லாத வீடுகள் மூடிய குழியை மேற்கொள்ளலாம். தோட்டத்து அவரைக்கும் பூசணிக்கும் அந்த எரு தாமதமாக வந்தாலும் வியர்த்தமாகாது.

அடுக்குவதில் சிரமம் அதிகமில்லை. அடியில் ஒரு சாண் கனத்துக்குச் சருகு, அதன்மேல் நாலு விரல் கனத்துக்குச் சமையலறைக் கழிவு, தெளிக்கச் சிறிது சாணக்கரைசல், தூவ ஒரு கை பழைய எரு அல்லது மண், மறுபடியும் சருகு. ஒவ்வொரு நாளும் கழிவைப் போட்ட கையோடு சருகை மூடிவிட்டால் ஈ மொய்க்காது. பக்குவம் அறிய யந்திரம் எதுவும் வேண்டாம். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் உள்ளங்கை ஈரமாகவேண்டும், நீர் சொட்டலாகாது. குவியலின் நடுவே ஒரு கழியைச் செருகிவைத்துச் சற்றுப் பொறுத்து உருவித் தொட்டால் சூடு தெரியவேண்டும். நல்ல குவியலில் வெப்பம் ஐம்பத்தைந்து பாகைக்கும் மேலேறிக் களை விதைகளைக் கொன்றுவிடும். நாற்றம் வந்தால் காற்றுப் போதவில்லை என்று கொண்டு, கிளறிச் சருகு சேர்க்கவேண்டும். இறைச்சி, மீன், எண்ணெய்ப் பண்டம் ஆகியவற்றைத் திறந்த குவியலில் போடலாகாது. நாயும் காட்டுப்பன்றியும் தேடி வரும்.

சருகைச் சேமிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. அடுப்புக்கும் கூரைக்கும் எட்டத்தில், மூங்கில் தட்டியாலான கூண்டிலோ கோணிச் சாக்கிலோ அதை வைக்கவேண்டும். மற்றொன்று, காப்புக்காட்டின் சருகு காட்டுக்கே உரியது. அங்குள்ள மண்ணை அதுதான் போஷிக்கிறது. செய்யாறு போன்ற நதிகள் பிறக்கும் மலை இது. அதன் மண் மேற்போர்வையை நாம் கவர்ந்துவரலாகாது. வீட்டிலும் தோட்டத்திலும் தெருவிலும் விழுவதே நமக்குப் போதும். அதைக் கொளுத்தாமல் விட்டாலே, வறண்ட மாதங்களில் காட்டுத்தீ மூளும் வழிகளுள் ஒன்றை அடைத்தவர்களாவோம்.

மட்காத பொருளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அங்கே வீட்டின் கலை செல்லாது, வாங்காமலிருப்பதே செல்லும். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது; 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கத்தையும் தொடங்கியது. கழிவை மட்குவது, மட்காதது, தீங்கு பயப்பது என்று வீட்டிலேயே பிரிக்கவேண்டும், திறந்தவெளியில் எரிக்கலாகாது என்று 2016-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகள் கூறின. இருந்தும், பீமன் மடவு அருவிக்கும் கோலப்பன் ஏரிக்கும் வரும் உல்லாசப் பயணிகள் தட்டையும் புட்டியையும் விட்டுச்செல்வதும், சோற்று நாற்றம் ஒட்டிய பையை மாடு விழுங்கி வயிறு உப்பிச் சாவதும் வருத்தத்துக்குரிய காட்சிகள். தைத்த இலையில் விருந்திட்டு, உண்டபின் அதை எருக்குழியில் போட்ட ஒரு தேசத்தில், பாலிதீன் பூசிய தட்டை நாகரிகமென்று எண்ணுவது எனக்குச் சம்மதமில்லை. ஊர்த் திருவிழாவிலும் கல்யாணத்திலும் தையல் இலையை மீண்டும் வழக்கத்துக்குக் கொண்டுவருவது, தைக்கும் கைகளுக்குக் கூலியாகவும் குழிக்கு உணவாகவும் இருக்கும். கண்ணாடி, தகரம், கெட்டியான பிளாஸ்டிக் ஆகியவற்றைக் கழுவி உலர்த்தித் தூய்மைக் காவலரிடம் தரவேண்டும். தீர்ந்த பாட்டரியையும் உடைந்த பல்பையும் அவற்றோடு கலவாமல் தனியே கட்டித் தரவேண்டும். நாம் கலந்து போடுவதை வெறுங்கையால் பிரிக்கும் அவதி அவருக்கு வேண்டாம்.

பங்குனியில் அடுக்கி, மூன்று முறை கிளறிய குவியல் ஆனிக் கடைசியில் குளிர்ந்து, கறுத்து, முதல் மழை விழுந்த நிலத்தின் மணம் வீசும். அப்போது அதைச் சலித்து விதைப்புக்கு எடுத்துக்கொள்ளலாம். சல்லடையில் தங்கும் புளியோட்டுத் துண்டுகளை எறிந்துவிடாதீர்கள். அவற்றில் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் புதிய குவியலை விரைவில் சூடேற்றும், ஆகையால் அடுத்த குழியின் அடியில் முதல் அடுக்காக அவற்றையே பரப்புங்கள்.