நள்ளிரவில் கடன் வாங்க முடியாத எண்ணெய்

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 32ஆம் ஞாயிறு. நற்செய்தி: மத்தேயு 25:1-13)



இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் இயேசு ஒரு திருமண வீட்டுக் கதையைச் சொல்கிறார். மணமகனை எதிர்கொள்ளத் தோழியர் பத்துப் பேர் விளக்கோடு புறப்படுகிறார்கள். பத்துப் பேரிடமும் விளக்கு இருக்கிறது. மணமகன் வரத் தாமதமாகவே, பத்துப் பேருமே தூங்கிவிடுகிறார்கள். தூங்கியதற்காக ஆண்டவர் யாரையும் குறை சொல்லவில்லை. ஐந்து பேரை மற்ற ஐந்து பேரிடமிருந்து பிரிப்பது ஒன்றே ஒன்றுதான்: தனியாக எடுத்து வந்த எண்ணெய். நள்ளிரவில் குரல் கேட்கும்வரை அந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் தெரியவில்லை.

இந்த உவமையை, நம் வீடுகளில் இன்று நடந்துவரும் ஒரு சிறிய மாற்றத்தோடு சேர்த்துச் சிந்திப்போம்.

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நம் பகுதி முழுவதும் பழைய லேண்ட்லைன் போன் வீடு வீடாக விடைபெற்றுக்கொண்டிருக்கிறது. செம்புக் கம்பி போய், தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை வருகிறது. சுவரில் ஒரு சிறிய பெட்டியை மாட்டுகிறார்கள். இணையம், தொலைக்காட்சி, தொலைபேசி எல்லாம் அந்தப் பெட்டி வழியாகவே வருகின்றன. சில வீடுகளில் போன் கருவியே வேண்டாம், வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிடுகிறோம்.

இதைத் தவறென்று சொல்ல நாம் வரவில்லை. புதிய கருவிகளைக் கண்டு திருச்சபை ஒதுங்கி நின்றதில்லை. மார்க்கோனியைக் கொண்டே வத்திக்கான் வானொலியை அமைத்து, 1931ஆம் ஆண்டு திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் அதில் பேசினார். 1967 முதல் ஆண்டுதோறும் உலகச் சமூகத் தொடர்பு நாளைக் கொண்டாடுகிறோம். துபாயில் இருக்கும் மகனும் சென்னையில் படிக்கும் மகளும் செலவைப் பற்றிக் கவலையில்லாமல் வீட்டோடு பேச முடிகிறதென்றால், அது கடவுளின் கொடையே.

ஆனாலும், ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கும்போது, எடுத்தது என்னென்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்டுப் பார்ப்பது முன்மதி.

நம்மில் ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு 'பி.பி. நம்பர்' என்பது நினைவிருக்கும். தெருவில் ஒரு வீட்டில்தான் போன் இருக்கும். கல்யாணப் பத்திரிகையிலும் வேலைக்கான மனுவிலும் அந்த வீட்டு எண்ணை எழுதி, பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வோம். வெளியூரிலிருந்து அழைப்பு வந்தால் அந்த வீட்டுப் பிள்ளை ஓடி வந்து, "அக்கா, உங்களுக்குப் போன்" என்று கூப்பிடும். தோல் ஷாப்பில் வேலை செய்தவர்களுக்கும், பிழைப்புக்காக வெளிநாடு போனவர்களின் குடும்பங்களுக்கும் அப்படித்தான் செய்தி வந்தது. வேலூர் மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்தவர்கள், எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நின்று, ஓடும் மீட்டரைப் பார்த்தபடியே ஊருக்குத் தகவல் சொன்னார்கள். அந்தப் போன் ஒருவருடைய சட்டைப்பையில் இருக்கவில்லை. வீட்டின் கூடத்தில் இருந்தது. மணி அடித்தால் யார் வேண்டுமானாலும் எடுத்தார்கள். படிக்கத் தெரியாத ஆயாவுக்கும் அதை எடுத்துப் பேசத் தெரிந்தது.

அந்தப் போனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. கரண்ட் போனாலும் அது வேலை செய்தது. ஏன் என்று நம்மில் பலர் யோசித்திருக்க மாட்டோம். தொலைபேசி நிலையத்தில் பெரிய பெரிய பேட்டரிகள் வரிசையாக இருந்தன. மின்சாரம் நின்றால் டீசல் ஜெனரேட்டரும் இருந்தது. அங்கிருந்து ஏறத்தாழ 48 வோல்ட் மின்சாரம் அதே செம்புக் கம்பி வழியாக நம் வீட்டுக் கருவிக்கு வந்துகொண்டே இருந்தது. 2008க்குப் பிந்தைய ஆண்டுகளில் நாளெல்லாம் மின்வெட்டில் தவித்தோமே, அப்போதும் கூடத்துப் போன் மணி அடித்தது. நம் விளக்குக்கு வேறு யாரோ எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அது நமக்குத் தெரியவே இல்லை.

கண்ணாடி இழை வழியாக வருவது ஒளி. அந்த ஒளி நம் குரலைச் சுமந்து வரும். ஆனால் நம் வீட்டுப் பெட்டியை இயக்க மின்சாரம் கொண்டுவராது. அந்தப் பெட்டி நம் வீட்டுக் கரண்ட்டில்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் பெட்டி அணையும். பெட்டி அணைந்தால் அதில் செருகிய போனும் ஊமையாகிவிடும், வைஃபையும் போய்விடும். இனி எண்ணெய் நம் பொறுப்பு.

இது யாரைப் பாதிக்கும் என்று பார்ப்போம். மாதம் ஒரு நாள் துணை மின்நிலையத்தில் பராமரிப்புப் பணி என்று காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். அது பெரும்பாலும் வேலை நாளாகவே இருக்கும். மகன் டேனரிக்குப் போயிருப்பார். மருமகள் ஷூ கம்பெனி வேனில் ஏறிப் போயிருப்பார். பல கம்பெனிகளில் வேலை நேரத்தில் கைப்பேசியைக் கையில் வைத்திருக்க முடியாது. பேரப்பிள்ளைகள் பள்ளியில். வீட்டில் எழுபத்தைந்து வயது ஆயா மட்டும். பிள்ளை வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் போன் தலையணைக்கு அடியில் இருக்கிறது. அதில் வருகிற அழைப்பைப் பச்சைப் பொத்தானை இழுத்து எடுக்க ஒருவேளை தெரியும். தானாக யாரையாவது அழைக்கத் தெரியாது. அது வைஃபையை நம்பி, ரீசார்ஜ் செய்யாமல் இருக்கிற போனாகவும் இருக்கலாம். குளியலறையில் வழுக்கி விழுந்தால், நெஞ்சு வலித்தால், அந்த ஆயா யாரைக் கூப்பிடுவார்?

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் போன்ற செயலிகளில் 108 ஆம்புலன்ஸை அழைக்க முடியாது. 112ஐயும் அழைக்க முடியாது. அதற்குச் சாதாரண தொலைபேசி அழைப்புதான் வேண்டும். வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு தடை உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழியாகக் குரல் அழைப்பு செய்ய முடிவதில்லை. அங்கே அனுமதிக்கப்பட்ட வேறு செயலிகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். அவசரத்தில் எந்த வழியாகப் பேசுவது என்று முன்கூட்டியே பேசி வைக்காத குடும்பம், அவசரம் வந்த பிறகு வழி தேடிக்கொண்டிருக்கும்.

உவமைக்குத் திரும்புவோம். முன்மதியுள்ள தோழியர் தங்கள் எண்ணெயைப் பகிர்ந்துகொள்ள மறுத்தார்களே, அது அன்பில்லாத செயல் இல்லையா என்று பலர் கேட்பதுண்டு. நள்ளிரவில் பகிர்ந்தால் பத்து விளக்கும் பாதி வழியில் அணைந்துவிடும் என்பதுதான் அவர்களுடைய கவலை. சில உதவிகளை அந்த நேரத்தில் செய்ய முடியாது. அதற்கு முன்பே, பகலிலேயே செய்திருக்க வேண்டும்.

வேலூர்க்காரர்களுக்கு இதை விளங்கவைக்க ஒரு நிகழ்ச்சி போதும். ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண், மருத்துவராகும் எண்ணமே இல்லாமல், திண்டிவனத்தில் தம் பெற்றோருடன் தங்கியிருந்த காலம். ஒரே இரவில், ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர். ஆனால் ஆண் மருத்துவர் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஐடா போகத் தயாராக இருந்தாலும் அவருக்கு மருத்துவம் தெரியாது. அந்த மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அன்றிரவு ஐடாவிடம் இரக்கம் இருந்தது; எண்ணெய் இல்லை. அவர் அதோடு விட்டுவிடவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் வேலூருக்கு வந்தார். ஒரு படுக்கையோடு தொடங்கிய பணிதான் இன்று நாம் காணும் சி.எம்.சி. மருத்துவமனை. அடுத்த முறை கதவு தட்டப்பட்டபோது அவர் கையில் எண்ணெய் இருந்தது. இரக்கத்தைப் பகலில் எண்ணெயாக மாற்றி வைப்பதைத்தான் ஆண்டவர் முன்மதி என்று அழைக்கிறார்.

நாம் அவ்வளவு பெரிய பணியைச் செய்யப் போவதில்லை. ஆனால் நம் வீட்டு அளவில் செய்யக்கூடியவை உண்டு.

லேண்ட்லைனை மாற்றும்போது, பழைய எண்ணையே வைத்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். பல இடங்களில் அதே எண்ணோடு ஃபைபருக்கு மாற்றித் தருகிறார்கள். 0416 என்றோ 04174 என்றோ தொடங்கும் அந்த எண், உறவினர்களுக்கும் பழைய நண்பர்களுக்கும் மனப்பாடமாக இருக்கும் எண். பெட்டியின் பின்புறம் போன் செருகும் இடம் இருந்தால், பழைய மாதிரியான பொத்தான் போன் ஒன்றை அதில் செருகிக் கூடத்திலேயே வையுங்கள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு பேட்டரி ஏற்பாடு செய்யுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியின் பிளக்கை அந்த இணைப்பில் மாட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால், இணையப் பெட்டிக்கென்றே கையடக்கமான சிறிய யூ.பி.எஸ். கடைகளில் கிடைக்கிறது. இணைப்புத் தரும் கேபிள்காரரிடம், தெருவில் உள்ள உங்கள் கருவிக்கும் பேட்டரி இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேசிப் பாருங்கள். எண்ணெய் இருக்கிறதா என்று பார்க்கும் நேரம் அதுதான்.

பெரியவர்களின் கையில், இணையம் இல்லாமலும் பேசக்கூடிய சாதாரண பொத்தான் கைப்பேசி ஒன்று, ரீசார்ஜோடு இருக்கட்டும். மகன், மகள், பக்கத்து வீடு, 108 ஆகிய எண்களைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அழைப்பதற்கு அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஒரு முறை சொன்னால் மறந்துவிடுவார்கள். பத்து முறை சொல்லுங்கள். நமக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தபோது அவர்கள் எண்ணிக்கை வைத்துக்கொள்ளவில்லை.

நம் அன்பியங்களுக்கும் ஒரு வேண்டுகோள். மின்தடை அறிவிக்கப்பட்ட நாளில், தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் யார் என்று ஒரு பட்டியல் வையுங்கள். அன்று வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர் ஒருவர், அந்த வீடுகளுக்குப் போய், "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு வரட்டும். முன்பு ஒரு வீட்டுப் போன் ஒரு தெருவுக்கே பயன்பட்டது. இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அழைப்பு வந்தது என்று சொல்ல யாரும் யார் வீட்டுக்கும் ஓட வேண்டியதில்லை. அந்த ஓட்டம் நின்றதோடு அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கும் வழக்கமும் நின்றுவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று. பேட்டரி இருந்தும், எண் இருந்தும், யாரும் அழைக்காவிட்டால் அந்தப் போன் ஊமைதான். இரவில் கட்டணம் குறையும் நேரம் வரை காத்திருந்து, காசை எண்ணி எண்ணி அம்மாவிடம் பேசிய தலைமுறை நாம். இன்று பேசுவதற்குத் தனிச் செலவு இல்லை. ஆனால் "அப்புறம் பேசுகிறேன்" என்ற சொல் பெருகிவிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2021ஆம் ஆண்டு, தாத்தா பாட்டிகளுக்கும் முதியோருக்குமென ஓர் உலக நாளை ஏற்படுத்தினார். ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அதைக் கொண்டாடுகிறோம். அந்த ஒரு நாளுக்கு மட்டுமல்ல, வாரத்தின் ஏழு நாளுக்கும் போதுமான எண்ணெய் நம் உள்ளத்தில் இருக்கட்டும். முதியவர் ஒருவர் நம்மை அழைக்கும் குரலிலும் மணமகனே நம் வாசலுக்கு வருகிறார். எந்த நாளில், எந்த வேளையில் என்று நமக்குத் தெரியாது.

மன்றாடுவோம். ஆண்டவரே, எங்கள் வீடுகளில் தனித்திருக்கும் பெரியவர்களை உம் கையில் ஒப்படைக்கிறோம். அவர்கள் கூப்பிடும்போது கேட்கும் செவியையும், கூப்பிடும் முன்பே அவர்களைத் தேடிப் போகும் கால்களையும் எங்களுக்குத் தாரும். எங்கள் விளக்குகளில் எண்ணெய் குறையாதிருக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.