ஆணுறையில் ஓட்டையா?
(ஆம்பூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

தலைப்பைப் பார்த்ததும் உங்களில் சிலர் முகம் சுளிப்பீர்கள். "ஆலிம் பேசுகிற விஷயமா இது?" என்று கேட்பீர்கள். ஆலிம்தான் பேச வேண்டும். ஏனென்றால் இதில் தவறான செய்தி நம் மேடைகளிலிருந்தும் பரவுகிறது.

"ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கின்றன. எச்.ஐ.வி. கிருமி அதைவிடச் சிறியது. கொசுவலையில் கடுகு புகுவதைப் போலப் புகுந்துவிடும். எனவே ஆணுறை அணிந்தாலும் ஒன்றுதான், அணியாவிட்டாலும் ஒன்றுதான்." இப்படி முழங்குகிறார்கள். விபச்சாரத்திலிருந்து மக்களைத் தடுக்க வேண்டும் என்ற நோக்கத்தில்தான் பேசுகிறார்கள். நோக்கம் நல்லது. ஆனால் செய்தி உண்மையா? ஹதீஸ் என்று ஒருவர் சொன்னால் அறிவிப்பாளர் வரிசை எங்கே என்று கேட்கிற நாம், மருத்துவச் செய்திக்கு மட்டும் ஆதாரம் கேட்க வேண்டாமா?

இது எங்கோ தூர தேசத்து நோய் என்று எண்ணாதீர்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்ததே நம் வேலூரில்தான். 1986 பிப்ரவரியில், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி டாக்டர் நிர்மலா, பேராசிரியை சுனிதி சாலமனின் வழிகாட்டலில், பாலியல் தொழிலில் சிக்கிய பெண்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளை ரயிலில் காட்பாடிக்குக் கொண்டு வந்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார்கள். ஆறு மாதிரிகளில் கிருமியின் அடையாளம் தெரிந்தது. அந்தப் பெண்களுக்கு அது வானத்திலிருந்து விழவில்லை. ஆண்களிடமிருந்து வந்தது. அவர்களிடம் வந்துபோன ஆண்கள் அங்கிருந்து எங்கே போயிருப்பார்கள்? சொந்த வீட்டுக்கு, மனைவியிடம்! சிந்தித்துப் பாருங்கள்.

இப்போது ஓட்டைக்கு வருவோம். தோல் தொழில் செய்யும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஆட்டுத் தோலில் மயிர்க்கால் உண்டு. பதனிட்டு மெருகேற்றிய பின்னும் உற்றுப் பார்த்தால் தெரியும். ரப்பர் உறை தோலல்ல. ரப்பர் பாலில் அச்சை முக்கியெடுத்துக் காயவைத்து இறுக்கிய படலம். கம்பெனியில் ஒவ்வொன்றிலும் மின்சாரம் செலுத்தி ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஆட்டுக்குடல் சவ்வில் செய்த உறை மேல்நாடுகளில் விற்கிறது. அதில் நுண்துளை உண்டு. அது எச்.ஐ.வி.யைத் தடுக்காது என்று அதன் பெட்டியிலேயே எச்சரிக்கிறார்கள். அதன் குறையை ரப்பர் உறையின் தலையில் கட்டுவது நியாயமாகுமா?

1992ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள், எச்.ஐ.வி. அளவே உள்ள நுண்மணிகளைத் திரவத்தில் கலந்து, ரப்பர் உறைகளில் ஊற்றிக் கடுமையாகச் சோதித்தார்கள். சில உறைகளில் சிறிது கசிவு இருந்தது. அந்த மோசமான உறையை வைத்துக் கணக்கிட்டாலும், உறையே இல்லாத நிலையைவிட அது குறைந்தது 10,000 மடங்கு மேல் என்பதே அவர்கள் கண்ட முடிவு.

இது ஆய்வுக்கூடக் கணக்கு. மனிதர்களிடம் என்ன நடக்கிறது? கணவன், மனைவி இருவரில் ஒருவருக்கு மட்டும் கிருமி இருந்த ஜோடிகளை ஐரோப்பாவில் தொடர்ந்து கவனித்து, 1994ல் முடிவை வெளியிட்டார்கள். ஒருமுறைகூடத் தவறாமல் உறை பயன்படுத்திய ஜோடிகள் 124. அவர்களில் ஒருவருக்கும் நோய் தொற்றவில்லை. சில நேரம் அணிந்து சில நேரம் விட்டுவிட்ட ஜோடிகள் 121. அவர்களில் 12 பேருக்குத் தொற்றியது.

"அப்படியானால் நூற்றுக்கு நூறு பாதுகாப்பா?" என்று கேட்கலாம். இல்லை. இத்தகைய பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, எப்போதும் பயன்படுத்துபவர்களுக்கு ஆபத்து சுமார் 80 சதவீதம் குறைகிறது என்று தெரிந்தது. அதாவது உறையின்றி 100 பேருக்குத் தொற்றும் இடத்தில், உறையோடு சுமார் 20 பேருக்குத் தொற்றும். அந்த 20 எப்படி வந்தது? உறை கிழிவது, நழுவுவது, தாமதமாக அணிவது, "எப்போதும் அணிகிறேன்" என்று சொல்லிவிட்டு இடையில் விட்டுவிடுவது. தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் ரப்பரைக் கெடுக்கும். பர்ஸிலும் லாரி கேபின் சூட்டிலும் மாதக்கணக்கில் கிடந்த உறையை நம்பக் கூடாது. காலாவதி தேதியைப் பார்க்க வேண்டும்.

"ஹஜ்ரத், இது விபச்சாரத்துக்கு லைசென்ஸ் கொடுப்பதாகாதா?" என்பார்கள். ஒருபோதும் ஆகாது! விபச்சாரம் ஹராம். ரப்பரில் ஓட்டை இருப்பதால் அது ஹராம் ஆகவில்லை, அல்லாஹ் தடுத்ததால் ஹராம். ஓட்டையைக் காட்டித் தடை போட்டால், "ஓட்டை இல்லை" என்று ஒரு டாக்டர் சொன்ன அன்றே அந்தத் தடை சரிந்துவிடும். மார்க்கத்தின் சட்டத்தைப் பொய்யின் மேல் நிறுத்தலாமா?

இந்தப் பொய்யின் விலையைக் கொடுப்பவர் யார்? தவறு செய்கிறவன் மேடைப் பேச்சைக் கேட்டுத் திருந்தினால் மகிழ்ச்சி. திருந்தாதவன் என்ன செய்கிறான்? "உறை வீண்தானே" என்று உறையில்லாமல் போகிறான். நோயோடு வீடு திரும்புகிறான். ஐந்து வேளை தொழுது, பிள்ளைகளை ஓதவைத்து, வீட்டு வாசல் தாண்டாத நம் சகோதரிக்கு அதைக் கொடுக்கிறான். அவள் செய்த குற்றம் என்ன?

கணவனுக்குக் கிருமி இருப்பது தெரிந்துவிட்டால், உறை அணிவது அவன் மனைவிக்குச் செய்ய வேண்டிய கடமை. நபித்தோழர்கள் அஸ்ல் செய்து வந்ததும், அது தடுக்கப்படாததும் ஆலிம்கள் அறிந்ததே. கர்ப்பத்தைத் தள்ளிப்போடவே அதற்கு இடம் இருந்தது என்றால், உயிரைக் காக்க இடமில்லையா? பிறருக்குத் தீங்கிழைக்கக் கூடாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை விதியல்லவா? உகாண்டாவில் இஸ்லாமிய மருத்துவ சங்கம் 1990களிலேயே இமாம்களைப் பயிற்றுவித்து இதைப் பள்ளிவாசல்களுக்குக் கொண்டு சென்றது.

உறையோடு இன்று மருந்தும் இருக்கிறது. 2004 முதல் அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தருகிறது. சென்னையும் பங்கேற்ற ஒரு பன்னாட்டு ஆய்வு, மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011ல் காட்டியது. மருந்தை ஒழுங்காக உட்கொண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது என்பது இன்று உறுதியாகியிருக்கிறது.

ஆகவே, சகோதரரே! மூன்று காரியங்களை உங்களிடம் கேட்கிறேன்.

ஒன்று, ஓட்டைக் கதையை இனி உங்கள் மஹல்லாவில் யாரும் சொன்னால் மரியாதையோடு திருத்துங்கள்.

இரண்டு, சந்தேகம் இருப்பவர் அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் சோதித்துக்கொள்ளட்டும். கட்டணம் இல்லை. தொற்றிய உடனே சோதனையில் தெரியாமல் போகலாம், எனவே மூன்று மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். 1097 என்ற எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

மூன்று, நிக்காஹுக்கு முன் இரு தரப்பும் விரும்பிச் சோதித்துக்கொள்வது நல்லது. ஆனால் வற்புறுத்தாதீர்கள், முடிவை ஊரில் பரப்பாதீர்கள். சம்மதமில்லாத சோதனையையும் இரகசியத்தை வெளியிடுவதையும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. புறம் பேசுவதை நம் மார்க்கம் அதற்கு முன்பே தடுத்துவிட்டது.

ஹராமை ஹராம் என்று உரக்கச் சொல்லுங்கள். அதற்குப் பொய்யின் துணை வேண்டாம். அல்லாஹ் நம் இல்லங்களைப் பாதுகாப்பானாக! வஸ்ஸலாம்.