அனுமதிக் கடிதம் வராதவர்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டி, உயர்தர வகுப்பு மாணவிகளுக்கும் பழைய மாணவிகளுக்குமாக நடந்த ஒன்றுகூடலில் 1974 அணியினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வெற்றி பெற்றவர்களைப் பற்றிப் பேச இந்த விழாவில் பலர் இருக்கிறார்கள். நாங்கள் மற்றவர்களைப் பற்றிப் பேசக் கேட்டு வாங்கிக்கொண்டோம். ஏனென்றால் எங்கள் அணியில் பெரும்பாலானோர் அந்த மற்றவர்கள்தான்.

1974ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருந்தவர்கள் நாங்கள். தரப்படுத்தல் அதற்குச் சில வருடங்களுக்கு முன்னரே வந்துவிட்டது. மாவட்டக் கோட்டா எங்கள் வருடத்தில் வந்து சேர்ந்தது. எங்கள் அக்காமாரின் காலத்தில் போதுமாயிருந்த புள்ளி எங்களுக்குப் போதவில்லை. உயிரியல் வகுப்பில் இரண்டு வாங்கு நிறைய இருந்தோம். மருத்துவத்துக்கு ஒருத்திதான் போனாள். தபாற்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அம்மாமார் படலைக்கு ஓடிய அந்த மாதங்களைப் பற்றி இன்றும் எங்களுக்குள் அதிகம் கதைப்பதில்லை.

இப்போது அந்த இடத்தில் இசட் புள்ளி இருக்கிறது. பிள்ளைகளே, அது என்ன சொல்கிறது என்பதைச் சரியாக விளங்கிக்கொள்ளுங்கள். ஒரு பாடத்தில் நீங்கள் எடுத்த புள்ளி, அந்தப் பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய சராசரியிலிருந்தும் எவ்வளவு மேலே அல்லது கீழே நிற்கிறது என்பதுதான் கணக்கு. மூன்று பாடங்களையும் சேர்த்துச் சராசரி பார்க்கிறார்கள். பிறகு பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களுக்கும், 5 வீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. ஆகவே ஒரே புள்ளியோடு கொழும்பில் தோற்றியவளுக்குக் கிடைக்காத இடம் முல்லைத்தீவில் தோற்றியவளுக்குக் கிடைக்கலாம். இதில் குறை காண நாங்கள் வரவில்லை; இடம்பெயர்ந்து மரத்தடியில் படித்த பிள்ளைக்கு அது வேண்டும். வெட்டுப்புள்ளி என்பது அந்த வருடத்தில் எத்தனை கதிரைகள் இருந்தன என்பதைச் சொல்லும். உங்கள் மூளையின் எடையை அது சொல்வதில்லை.

அழவேண்டுமென்றால் அழுங்கள். ஒரு கிழமை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாலும் குற்றமில்லை. பெற்றோருக்கு ஒன்று: அந்தக் கிழமை பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைச் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவராதீர்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் மாமிமாருக்கும் ஒன்று. பெறுபேறு வந்த இரவே "என்ன கிடைச்சது?" என்று கேட்டு அழைப்பு எடுக்கவேண்டாம். ஒரு மாதம் பொறுத்து, "என்ன செய்யப் போறாய், நான் என்ன உதவி செய்யலாம்?" என்று கேட்டு எடுங்கள்.

இனி, எல்லோரும் சுலபமாகச் சொல்லும் அந்த வார்த்தைக்கு வருவோம்: "கிடைச்சதை எடு, பிறகு மாறலாம்." கனடாவில் இதற்கு உண்மையிலேயே ஒரு பாதை உண்டு. ஒன்ராறியோவில் கொலிஜ் ஒன்றில் இரண்டு வருடம் படித்த பாடங்களுக்குரிய கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டு, நடுவிலிருந்து சேர்த்துக்கொள்வது வழக்கமான காரியம். எத்தனை கிரெடிட்டை ஏற்பார்கள் என்பதை மட்டும் கொலிஜில் சேர முன்னரே எழுத்தில் கேட்டு வாங்கவேண்டும். எங்கள் பேரப்பிள்ளைகளில் சிலர் அப்படிப் போனவர்கள். இலங்கையில் கதை வேறு. இங்கே ஒரு பீடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது ஒடுக்கமான ஒழுங்கை. பதிவு செய்தபின் மறுபடி தோற்றி வேறு பாடநெறி கேட்கலாமா என்பதை மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலில் வரிவரியாக வாசித்துவிட்டுப் பதிவுத் தாளில் கையொப்பம் இடுங்கள். ரியூசன் வகுப்பு வாசலில் கேட்ட கதையை நம்பி இடாதீர்கள். மாறமுடியாமற் போனாலும் இருந்து முடிக்கக்கூடிய பாடநெறியா என்று பார்த்து எடுப்பதே எங்கள் புத்தி.

எங்களுள் ஒருத்தி அடுத்த வருடம் மாறிவிடலாம் என்ற நினைப்போடு, 1974இல் புதிதாகத் திறந்த யாழ்ப்பாண வளாகத்தில் விஞ்ஞானம் படிக்கப் போனாள். அப்போது விஞ்ஞான வகுப்புகள் வட்டுக்கோட்டையில் நடந்தன. மாறும் வாய்ப்பு வரவேயில்லை. யாழ்ப்பாணத்தில் மருத்துவ பீடம் தொடங்கியது 1978இல். அப்போது அவள் பட்டதாரி. முப்பது வருடத்துக்கு மேல் இரசாயனவியல் படிப்பித்தாள். அவளிடம் படித்த வைத்தியர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். அது அவளுக்குப் போதுமா என்று நேற்று இரவு கேட்டோம். "சில நாள் போதும், சில நாள் போதாது" என்றாள். அவள் உண்மை பேசுகிறவள்.

இன்னொருத்தி கோப்பாய் ஆசிரியர் கலாசாலைக்குப் போய், கிளிநொச்சியில் படிப்பித்துக்கொண்டே, இரண்டு பிள்ளைகளைப் பெற்றபின் பேராதனையின் வெளிவாரிப் பட்டத்தை எழுதி முடித்தாள். வேறொருத்தி தாதியர் பயிற்சிக்கு இங்கிலாந்து போனாள். அங்குள்ள திறந்த பல்கலைக்கழகம் பழைய பெறுபேறு எதையும் கேளாமலே சேர்த்துக்கொண்டது. இரவுக் கடமை முடிந்து வந்து படித்தாள். பட்டம் பெற்றபோது அவளுக்கு வயது நாற்பத்தொன்று.

உங்களுக்கு எங்களைவிடக் கதவுகள் கூட. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே நிலையம் இருக்கிறது. அங்கு சேர இசட் புள்ளி தேவையில்லை. கல்வியியற் கல்லூரி, உயர் தொழில்நுட்ப நிறுவனம், கணக்கியல் பரீட்சைகள், தாதியம் எல்லாம் உண்டு. உயர்தரத்துக்கு மூன்று தடவை தோற்றலாம். ஆனால் மூன்றாம் முறையை வீட்டாரின் ஆசைக்காக மட்டும் எடுக்கவேண்டாம். அந்த ஒரு வருடம் உங்களுடையது.

இந்த மண்டபத்துச் சுவரில் இருக்கும் பலகையைப் பாருங்கள். மருத்துவம், பொறியியல், சட்டம் என்று தங்க எழுத்தில் பெயர்கள். எங்கள் அணிக்கு நேரே ஒரே ஒரு பெயர். கோப்பாய்க்குப் போனவளுக்கும் இங்கிலாந்தில் இரவுக் கடமை செய்தவளுக்கும் அதில் இடம் இல்லை. இங்கே படிக்கும் பிள்ளை தினமும் அந்தப் பலகையைத்தான் பார்க்கிறாள். வேறு பாதை எதுவும் அவள் கண்ணில் படுவதில்லை.

ஆகவே எங்கள் அணி ஒரு பெரிய கொப்பி வாங்கி நூலகத்தில் வைத்திருக்கிறது. அனுமதிக் கடிதம் வராதவர்கள் ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதவேண்டும்: எந்த வருடம், என்ன கேட்டீர்கள், என்ன கிடைக்கவில்லை, அதற்குப் பிறகு எந்த வழியால், எத்தனை வயதில், எவ்வளவு செலவில் போனீர்கள். செலவை மறைக்காமல் எழுதுங்கள்; பிள்ளைகள் முதலில் தேடுவது அதைத்தான். வெளிநாட்டில் இருப்பவர்கள் கடிதமாக அனுப்பினால் நூலகர் ஒட்டிவிடுவார். முதல் ஒன்பது பக்கங்களை நாங்கள் நிரப்பிவிட்டோம்.