கொதிநீர் தாங்கும் சூடு



நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால், துளிகள் சட்டென்று வற்றிவிடாமல் முத்து முத்தாக உருண்டோடும். துளிக்குக் கீழே மெல்லிய ஆவிப் படலம் உருவாகி, அதைக் கல்லில் படாமல் தாங்கிக்கொள்கிறது. சூடு துளிக்குள் ஏறாமல் தடுப்பதும் அந்தப் படலம்தான். அணு உலைப் பொறியாளர்கள் அஞ்சுவது இதற்குத்தான்.

கொதிக்கிற தண்ணீர் சூட்டை அள்ளிக்கொண்டு போவதில் கெட்டி. ஒரு கிலோ கொதிநீர் முழுக்க ஆவியாக சுமார் 2,257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். அதே நீர் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு வர, அதில் ஏழில் ஒரு பங்குகூடத் தேவையில்லை.

ஆனால் இதற்கும் ஓர் எல்லை உண்டு. 1934-இல் ஜப்பானிய அறிஞர் ஷிரோ நுகியாமா அதை அளந்து காட்டினார். தண்ணீருக்குள் மெல்லிய உலோகக் கம்பியை வைத்து மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். குமிழிகள் பொங்கின, கம்பியின் சூடோ நூறு டிகிரியைக் கொஞ்சமே தாண்டி நின்றது. ஒரு கட்டத்துக்கு மேல் இன்னும் சற்றே கூட்டியதும், தண்ணீருக்குள்ளேயே கம்பி ஆயிரம் டிகிரிக்கு மேல் பழுத்துச் சிவந்தது. நிக்ரோம் கம்பி உருகியே போனது, பிளாட்டினம் தாக்குப்பிடித்தது. குமிழிகள் நெருங்கி ஒன்றாகி, தண்ணீர் கம்பியைத் தொட வழியில்லாமல் மூடிவிட்டன. சாதாரணக் காற்றழுத்தத்தில் இந்த எல்லை, சதுர மீட்டருக்கு ஏறத்தாழ பத்து லட்சம் வாட்.

இது நிதானமாகச் சூடேற்றும்போது. திடீரென்று சூடேறினால் என்ன ஆகும்? குமிழி பிறந்து வளரவும் நேரம் வேண்டுமே! அந்த அவகாசம் கிடைக்காத நீர் நூறு டிகிரியைத் தாண்டியும் திரவமாகவே இருந்து, பிறகு ஒரே வீச்சில் ஆவியாக வெடிக்கிறது.

1961 ஜனவரி 3. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், எஸ்.எல்.-1 என்ற சிறிய ராணுவ அணு உலை. பராமரிப்பு வேலையில், சுமார் பத்து சென்டிமீட்டர் மட்டுமே தூக்க வேண்டிய நடுக் கட்டுப்பாட்டுத் தண்டு (அணுப்பிளவை அடக்கி வைப்பது) ஐம்பது சென்டிமீட்டர் மேலே வந்துவிட்டது. 3 மெகாவாட் உலையின் திறன் சில மில்லி நொடிகளில் ஏறத்தாழ 20,000 மெகாவாட்டை எட்டியது. நடுப்பகுதி எரிபொருள் ஆவியானது. குளிர்விக்க வேண்டிய தண்ணீரே ஆவியின் உந்துதலில் சம்மட்டிபோல் மேல்மூடியில் மோத, உலைக்கலன் முழுதும் ஒன்பது அடி எழும்பியது. அங்கிருந்த மூன்று பேரும் உயிரிழந்தார்கள்.

அந்த மரணங்களுக்குப் பிறகு வடிவமைப்பு விதி கடுமையானது. அதிக வலுவுள்ள தண்டு ஒன்று முழுதாக வெளியே வந்துவிட்டாலும், மற்றவை உள்ளே இருக்கும்வரை உலை பற்றிக்கொள்ளக் கூடாது. மில்லி நொடிகளில் தண்ணீர் காப்பாற்றும் என்று நம்பியிருக்க முடியாது என்பதால், காவல் தண்டுகளிடம் போனது.