பாடசாலைப் பிள்ளைகளும் சொறி நோயும்
(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



சொறியைப் பற்றிச் சபையிலே பேசுவது சிலருக்கு அருவருப்பாயிருக்கலாம். அந்த அருவருப்பே நோய்க்கு நல்ல மறைவிடம். வகுப்பில் ஒரு பிள்ளை சொறிந்தால் அதனைக் கடைசி வாங்கிலே தனியே இருத்துகிறார்கள். மறுநாள் அப்பிள்ளை வராது. அதைக் கேள்வியுற்ற அயல்வீட்டுத் தாய் தன் பிள்ளையின் சொறியை மறைத்துவிடுவாள். பிறகு பரவாமல் என்ன செய்யும்?

அழுக்கினால் வரும் நோயன்று இது. நாள்தோறும் முழுகும் பிள்ளைக்கும் வரும். தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடும் ஓர் உண்ணியே காரணம். பருமன் அரை மில்லிமீற்றரும் இராது. இத்தாலியரான பொனோமோவும் செஸ்தோனியும் இதனை 1687ஆம் ஆண்டிலேயே கண்டு எழுதினர். 1941இல் இங்கிலாந்தின் செவ்வீல்ட் நகரிலே மெல்லன்பி என்னும் அறிஞர், நோயுற்ற போர்வீரர் மூடிய கம்பளிகளிலே தொண்டர்களைப் படுக்கச் செய்து பார்த்தார். மிகச் சிலருக்கே தொற்றியது. உடலோடு உடல் நெடுநேரம் சேர்ந்திருப்பதே பெரும்பாலும் காரணமென்று தெளிவாயிற்று. ஆகவே வாங்குக்கும் புத்தகத்துக்கும் அஞ்சவேண்டாம். ஒரே பாயில் நெருங்கிப் படுக்கும் பிள்ளைகளையே கவனியுங்கள்.

இன்னொரு சங்கதி. முதன்முறை தொற்றியவருக்குக் கடி தொடங்க 2 முதல் 6 கிழமை செல்லும். அதற்குள் வீட்டார்க்கும் தொற்றியிருக்கும். ஒரு பிள்ளைக்கு மாத்திரம் மருந்து பூசுவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதே. கடி இல்லாதவர் உட்பட வீட்டார் எல்லாரும் ஒரே இரவில் பூசவேண்டும். பெர்மெத்திரின் களிம்பாயின் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, விரலிடுக்கும் நகக்கண்ணும் விடாமற் பூசி, காலையிலே கழுவி, ஒரு கிழமை கழித்து மறுபடியும் பூசுவது வழக்கம். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வைத்தியரைக் கேட்டே பூசுங்கள். உடுப்பையும் விரிப்பையும் சுடுநீரில் தோய்த்து வெயிலிற் காயவிடுங்கள்.

முதற்பூச்சு முடிந்த மறுநாளே பிள்ளை பாடசாலைக்குப் போகலாம். ஆசிரியர்கள் இதை அறிந்திருத்தல் அவசியம். கடி மட்டும் இன்னும் சில கிழமை நிற்கும். அதற்காக மருந்தை மேலும் மேலும் அப்பவேண்டாம்.

சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைத்தால் அசட்டை செய்யாதீர்கள். அப்புண்ணிற் புகும் ஒருவகைக் கிருமியால் சிறுநீரகமும் பழுதுபடலாம். பிள்ளையின் முகம் வீங்கினாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போற் போனாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.