மூடுபனியிலும் இறுகும் பிளாஸ்டர்

1,868 மீட்டர் உயரத்தில், பனியும் தூறலுமாக இருக்கும் நுவரெலியாவில் பிளாஸ்டர் ஒஃப் பாரிஸால் சுவர் அலங்காரம் செய்தால் காயாது என்பார்கள். ஆனால் அது காய்வதால் இறுகுவதில்லை. ஜிப்சத்தைச் சுமார் 150 பாகை செல்சியஸில் வறுத்தபோது இழந்த நீரைத் திரும்பக் குடித்துத்தான் படிகமாகிறது. அடைமழையிலும் அரைமணிக்குள் கெட்டியாகிவிடும். தொட்டால் சூடுகூடத் தெரியும். இறுகும்போது இம்மியளவு விரிவதால், களிமண்ணில் தேயிலைக் கொழுந்தை அழுத்தி எடுத்த அச்சில் ஊற்றினால் இலை நரம்பும் பதியும்.

லயக் காம்பரா ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காதா? பிடிக்கும், அவசரப்பட்டுப் பெயின்ட் பூசி, மிஞ்சிய தண்ணீரை உள்ளேயே பூட்டிவைத்தால். எடை குறைவது நிற்கும்வரை, நாட்கணக்கானாலும், அடுப்புக்குச் சற்றுத் தள்ளி வையுங்கள். அடுப்பின் மேலேயே வைத்தால் நீரை இழந்து உதிரும். சாரலடிக்கும் இஸ்தோப்புச் சுவர் மட்டும் வேண்டாம். ஜிப்சம் தண்ணீரில் மெல்லக் கரையும்.